உண்ணிக் கடியும் தோல் சொல்லும் சேதியும்

அடைமழை ஓய்ந்து பனி தொடங்கும் நாட்களில் நம் வீடுகளில் நிகழக்கூடிய காட்சி ஒன்றை நினைத்துப் பாருங்கள். உம்மாவுக்குக் காய்ச்சல். முதல் நாள் சுக்குக் கஷாயம். இரண்டாம் நாள் தெருமுனை மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை. நான்காம் நாள் மருத்துவரிடம் ஓர் ஊசி. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் சொல்கின்றன. காய்ச்சலோ தணிந்தபாடில்லை. எட்டாம் நாள் மூச்சு வாங்குகிறது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கே உடை மாற்றிவிடும் செவிலியர், அக்குளின் மடிப்பில் கறுத்துக் காய்ந்த சிறு புண் ஒன்றைக் காண்கிறார். "இது எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்டால் உம்மாவிடம் பதில் இல்லை. அது வலிக்கவில்லை, அரிக்கவுமில்லை. எனவே அவர் அதை அறியவே இல்லை.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையன்று; எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. நோயின் பெயரைச் சொல்லும் அடையாளம் முதல் நாளிலிருந்தே உடலில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்த அடையாளத்தைப் பற்றியும், உண்ணி கடித்தபின் தோலில் தோன்றும் பிற மாற்றங்களைப் பற்றியும், எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்பது பற்றியும் உங்களோடு பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்ணி என்பது எது?

ஆடு மாடுகளின் காதுகளிலும் நாய்களின் கழுத்திலும் மிளகு போலவும், இரத்தம் குடித்தபின் ஆமணக்கு விதை போலவும் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால்கள் உடைய சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. கொசுவைப் போல் ஒரு நொடியில் குத்திவிட்டுப் பறந்துவிடாது. தோலில் வாயைப் பதித்து, நாட்கணக்கில் ஒட்டியிருந்து இரத்தம் குடிக்கும். அதன் உமிழ்நீரில் வலியை மரக்கச் செய்யும் பொருளும் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் இருக்கின்றன. ஆதலால் கடிபட்டவருக்குக் கடித்தது தெரிவதே இல்லை.

இதற்கு இன்னும் சிறிய உறவினர் ஒருவர் உண்டு. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மைட் என்னும் நுண்ணுயிர் அது. அதன் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். கண்ணுக்கு எளிதில் புலப்படாது. மனிதனைக் கடிப்பது இந்தக் குஞ்சுப் பருவம் மட்டுமே. தமிழ் நாளிதழ்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவது பெரும்பாலும் இந்த நுண்ணிய குஞ்சு பரப்பும் 'ஸ்க்ரப் டைபஸ்' நோயைத்தான். பெயரைக் கேட்டு, "எங்கள் வீட்டில் ஆடுமில்லை, மாடுமில்லை, எங்களுக்கு ஏன் உண்ணிக் காய்ச்சல் வரப்போகிறது?" என்று இருந்துவிடாதீர்கள். வீட்டுக் கொல்லைப்புறத்தில் வளர்ந்த புல்லே அதற்குப் போதுமானது.

அஞ்சத் தேவையில்லாத சிவப்பு

முதலில் ஆறுதலான செய்தியைச் சொல்லிவிடுவோம். உண்ணி கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கடித்த இடத்தில் ஓரிரு நாட்களுக்குள் சிறு தடிப்பும் சிவப்பும் அரிப்பும் தோன்றுவது உமிழ்நீருக்குத் தோல் காட்டும் எதிர்ப்பே. கொசுக் கடித் தடிப்பைப் போன்றது. அது பெரிதாகப் பரவாது; சில நாட்களில் தானே மறையும். காய்ச்சல் இராது. இதற்குச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதும், சொறியாமல் இருப்பதும் போதும்.

ஆனால், அந்தத் தடிப்பு மறைவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் பெரிதானாலும், சூடாகி, வலித்து, சீழ் கோத்தாலும் அது வேறு விஷயம். சொறிந்த புண்ணில் கிருமி புகுந்திருக்கலாம். மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

கரும்பொருக்கு: நூற்றுக்கு நூறு கவனிக்க வேண்டியது

இப்போது உம்மாவின் அக்குளில் இருந்த புண்ணுக்கு வருவோம். ஸ்க்ரப் டைபஸ் கிருமியைச் சுமந்த குஞ்சு கடித்த இடத்தில் முதலில் ஒரு சிறு பரு தோன்றுகிறது. அது உடைந்து, நடுவில் கறுத்த பொருக்காகக் காய்கிறது. சுற்றிலும் சிவந்த விளிம்பு. சிகரெட்டால் சுட்ட தழும்பைப் போல் இருக்கும் என்று மருத்துவ நூல்கள் வருணிக்கின்றன. இதற்கு மருத்துவர்கள் வைத்துள்ள பெயர் 'எஸ்கார்'. கிருமி அவ்விடத்து நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால் அங்குள்ள தோல் சிறிதளவு மடிந்து கறுத்துவிடுகிறது. அந்த மடிந்த தோலே இந்தப் பொருக்கு.

இதன் மூன்று குணங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வலிக்காது. இரண்டு, பெரும்பாலும் அரிக்காது. மூன்று, மறைவான இடங்களையே அதிகம் தேடும். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ்மடிப்பு, இடுப்பில் பாவாடை நாடாவும் கைலியும் இறுக்கும் இடம், பிறப்புறுப்பின் பக்கம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் - தோல் மென்மையாகவும் ஈரமாகவும் உள்ள இடங்களே அந்தக் குஞ்சுக்கு வசதியானவை. ஈரமான மடிப்பில் இருக்கும்போது பொருக்கு உதிர்ந்து, வெறும் குழிப்புண்ணாகவும் தோன்றலாம்.

கடித்ததிலிருந்து ஏறக்குறைய 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. கடுந்தலைவலி, உடல்வலி, இருமல், வாந்தி ஆகியவை சேரலாம். பொருக்குக்கு அருகில் நெறி கட்டலாம். தக்க மருந்து கிடைக்காவிட்டால், பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், நுரையீரல், சிறுநீரகம், ஈரல், மூளை ஆகியவை பாதிக்கப்படுகின்றன. உயிருக்கு ஆபத்து நேர்வது அப்போதுதான்.

இரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனை, நோய்க்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அது இரத்தத்தில் போதிய அளவு சேர்வதற்கு ஒரு வாரம் வரை ஆகலாம். முதல் சில நாட்களில் 'இல்லை' என்று வரும் சீட்டு, நோயே இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. கரும்பொருக்கோ காய்ச்சல் தொடங்கும்போதே அங்கே இருக்கிறது. காசு செலவில்லாத, ஊசி குத்தாத பரிசோதனை அது. ஆயினும் நோயுற்ற எல்லோருக்கும் அது இருப்பதில்லை. பொருக்கு இல்லை என்பதால் இந்நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

உள்ளங்கைப் புள்ளிகள்

உண்ணி கடித்தபின் வரும் இன்னொரு காய்ச்சல், 'இந்திய உண்ணி டைபஸ்' எனப்படும் புள்ளிக் காய்ச்சல். நாய்களில் வாழும் பழுப்பு நிற உண்ணி இதைப் பரப்பும். நாம் நாய் வளர்ப்பதில்லை. எனினும் தெரு நாய்கள் படுத்துறங்கும் திண்ணையும் மணல்மேடும் நம் பிள்ளைகள் விளையாடும் இடங்களே அல்லவா? குழந்தைகளிடம் இந்நோயை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

காய்ச்சல் தொடங்கிச் சில நாட்களில் மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய இடங்களில் சிறு சிவந்த புள்ளிகள் அரும்பி, கை கால்களிலும் உடலிலும் பரவும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளிகள் தோன்றுவது இந்நோயின் முக்கிய அடையாளம். தொடக்கத்தில் புள்ளியின்மேல் விரலை அழுத்தினால் சிவப்பு மறைந்து, விரலை எடுத்ததும் திரும்பும். பின்னர் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கினால் அழுத்தினாலும் மறையாத கருஞ்சிவப்புப் புள்ளிகளாகின்றன. கடுமையானால் விரல் நுனி, காது மடல் போன்ற இடங்கள் கறுத்து அழுகவும் கூடும். காய்ச்சலோடு அழுத்தினாலும் மறையாத புள்ளி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பெருநாளோ கல்யாணமோ கழிந்த வாரங்களில் நம் பெண் பிள்ளைகளின் உள்ளங்கை மருதாணிச் சிவப்பில் மூழ்கியிருக்கும். அந்தச் சிவப்புக்குள் நோயின் புள்ளிகள் ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்ட நேரத்தில் உள்ளங்காலையும் மணிக்கட்டின் உட்புறத்தையும் பாருங்கள். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் சிவப்பு எளிதாகத் தெரியாது. ஊதா அல்லது ஆழ்ந்த பழுப்பு நிறமாகத் தோன்றும். விளக்கொளியில் அன்றிப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நல்லது.

விரிந்து செல்லும் வளையம்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறவினர் உள்ளவர்கள் மூன்றாவது அடையாளம் ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்னும் ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. தம் குடும்பத்தினரின் நோய்க்குறிகளைப் பொறுமையோடு எழுதிவைத்த பாலி மரே என்னும் தாயும் மற்றொரு தாயும் அதிகாரிகளிடம் முறையிட்டதன் பேரில்தான் ஆய்வு தொடங்கியது. உண்ணி பரப்பும் அந்நோய்க்கு ஊரின் பெயரே நிலைத்து, 'லைம் நோய்' ஆயிற்று. அதன் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் என்னும் ஆய்வாளர் 1981-இல் உண்ணியின் உடலுக்குள் கண்டார். மருத்துவர்கள் கவனியாத ஒன்றைத் தாய்மார்களின் கண் கவனித்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இந்நோயில், கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், பெரும்பாலும் ஒரு வாரம் கழிந்து, கடித்த இடத்தில் சிவந்த வட்டம் ஒன்று தோன்றி மெல்ல மெல்ல விரிகிறது. 5 சென்டிமீட்டரைத் தாண்டி ஒரு சாண் அளவும் அதற்கு மேலும் வளரலாம். சிலருக்கு நடுப்பகுதி தெளிந்து வளையமாகும். பலருக்கு முழுச் சிவப்பாகவே இருக்கும். வலியோ அரிப்போ அதிகம் இராது. சாதாரணத் தடிப்பு முதல் இரு நாட்களில் வந்து சுருங்கும். இதுவோ நாள் கழித்து வந்து விரியும். வேறுபாடு இவ்வளவே. பேனாவால் ஓரத்தில் கோடிட்டு வைத்து மறுநாள் பார்த்தால் விளங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கு இப்படி ஒரு வட்டம் தோன்றினால், தாம் இருந்த நாட்டையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கூச்சம் ஒரு திரையாகிவிடக் கூடாது

கரும்பொருக்கு இருக்கும் இடங்களை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை நம் பெண்கள் பிறருக்குக் காட்டாத இடங்கள். தாமே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளாத இடங்களுங்கூட. நெரிசல் மிகுந்த மருத்துவமனையில், ஆண் மருத்துவர் முன்னிலையில், புர்காவோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதோடு பரிசோதனை முடிந்துவிடுகிறது. மருத்துவரும் தயங்குகிறார், நோயாளியும் சொல்வதில்லை. ஆண்களின் நிலையும் இதுவே. தொடை இடுக்கில் ஒரு புண் இருப்பதை வாப்பா மகனிடம் சொல்வாரா?

நாணம் ஈமானின் அழகு. அதைக் கைவிடும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் சிகிச்சைக்குத் தேவையான அளவு மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. அதற்கு முன்பாக வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காரணம் தெரியாத காய்ச்சல் மூன்று நாட்களைத் தாண்டினால், நோயாளி குளியலறையிலோ தனியறையிலோ தம் உடலைத் தாமே தலை முதல் கால் வரை தடவியும் பார்த்தும் ஆராயட்டும். எட்டாத முதுகையும் தலைமுடியையும் காதின் பின்புறத்தையும் கணவனோ மனைவியோ, தாயோ ராத்தாவோ பார்க்கட்டும். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது உம்மாவே பார்த்துவிடலாம். படுத்த படுக்கையாய் இருக்கும் முதியவருக்கு உடை மாற்றுபவர் இதை ஒரு கடமையாகச் செய்யட்டும். கறுத்த பொருக்கு ஒன்று தென்பட்டால் அதைப் பிய்க்காதீர்கள், மருந்து தடவாதீர்கள். "டாக்டர், இங்கே ஒரு கறுப்புப் புண் இருக்கிறது" என்று வாய்திறந்து சொல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கவும் தயங்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு வார அலைச்சலை மிச்சப்படுத்தும். சில வேளை ஓர் உயிரையே மீட்டுத் தரும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் அன்றே செல்லுங்கள்:

* காய்ச்சலோடு உடலில் எங்கேனும் கறுத்த பொருக்கு அல்லது வலியில்லாக் குழிப்புண் இருந்தால்.
* உண்ணி கடித்தபின் அல்லது புல், புதர், வயல், காடு ஆகிய இடங்களுக்குச் சென்றுவந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல் தொடங்கினால்.
* காய்ச்சலோடு கை, கால், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றில் புள்ளிகள் தோன்றினால்.
* கடித்த இடத்துச் சிவப்பு நாளுக்கு நாள் விரிந்தால், அல்லது சீழ் கோத்தால்.
* உண்ணியின் வாய்ப்பகுதி தோலுக்குள் தங்கி, அவ்விடம் வீங்கி வலித்தால்.

மூச்சுத் திணறல், மனக்குழப்பம், வலிப்பு, சிறுநீர் குறைதல், அழுத்தினாலும் மறையாத புள்ளிகள், இடைவிடாத வாந்தி ஆகியவை இருந்தால் அன்றே என்பதும் தாமதம். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியோரும் எந்த அறிகுறிக்கும் காத்திருக்கலாகாது.

கையில் எட்டும் மருந்து

இந்நோய்களுக்கு மருந்து இல்லையோ என்று அஞ்ச வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் படைவீரர்களை ஸ்க்ரப் டைபஸ் வாட்டியபோது மருந்து இல்லைதான். 1948-இல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மாடெல் என்னும் அமெரிக்க மருத்துவரின் குழு குளோராம்பெனிக்கால் மருந்தைக் கொடுத்து நோயைக் குணப்படுத்திக் காட்டியது. இன்று டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் ஆகிய விலை குறைந்த மருந்துகள் கிடைக்கின்றன. தக்க நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகச் செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிட நற்பயன் தருகிறது என்பதை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் நிறுவியது.

ஆனால் ஒன்று. காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின், அமாக்ஸிசிலின் வகை மருந்துகளுக்கும் பல விலையுயர்ந்த ஊசிகளுக்கும் இக்கிருமி கட்டுப்படுவதில்லை. 'நல்ல ஊசிதான் போட்டார்கள், கேட்கவில்லையே' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுவே. அதற்காக, பெயர் தெரிந்துவிட்டதென்று மருந்துக் கடையில் நீங்களே வாங்கி விழுங்கிவிடாதீர்கள். யாருக்கு எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். நோயைப் பெயரிட அவருக்கு உதவுவது உங்கள் வேலை.

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுப்பது எப்படி?

தோலில் உண்ணி ஒட்டியிருப்பதைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு வைப்பது, ஊதுபத்தியால் சுடுவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். தொல்லைக்குள்ளான உண்ணி தன் வயிற்றிலுள்ளதை உங்கள் உடலுக்குள்ளேயே கக்கக்கூடும். நுனி கூரிய சாமணத்தால், தோலோடு ஒட்டி அதன் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக மெல்ல இழுங்கள். பிறகு அவ்விடத்தையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணியை நகத்தால் நசுக்காமல் ஒரு சிறு புட்டியில் மூடி வைத்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரங்கள் உடலைக் கவனித்து வாருங்கள்.

வருமுன் காப்போம்

தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் மழையும் குளிருமான மாதங்களில் மிகுகிறது. அந்நாட்களில் கொல்லைப்புறப் புல்லையும் புதரையும் வெட்டிச் சீராக்குங்கள். வெறும் புல்லில் உட்காராமல் பாய் விரித்து அமருங்கள். துவைத்த துணிகளைப் புதர்மேல் போடாமல் கொடியில் உலர்த்துங்கள். வயலுக்கோ விறகுக்கோ சென்று வந்தவர் உடனே உடை மாற்றி, சோப்புத் தேய்த்துக் குளிக்கட்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கி வந்த குர்பானி ஆட்டைப் பிள்ளைகள் கட்டியணைத்து விளையாடுவது இயல்பே. ஆட்டின் காதிலும் வாலடியிலும் உண்ணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரவில் பிள்ளைகளின் காதையும் கழுத்தையும் பாருங்கள்.

வாசக சகோதர சகோதரிகளே! காய்ச்சல் வந்தவரின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது நம் குடும்பங்களில் பரம்பரையாக வரும் பாசத்தின் அடையாளம். அந்தக் கை நெற்றியோடு நின்றுவிடாமல், காதின் பின்புறத்தையும், அக்குளையும், உள்ளங்காலையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். தோல் பேசுகிறது, கேட்பதற்கு வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.